ஷெல்எக்ஸ்டி: கன அணு தேடலில் நெடுநாள் அனுபவம்

எக்ஸ்-கதிர் கொண்டு புரதத்தின் வடிவத்தைக் கண்டறியும் வேலையின் தொடக்கமாக, புரதப் படிகத்தில் செலினியமோ அயோடினோ போன்ற கன அணுக்கள் எங்கெங்கே அமர்ந்திருக்கின்றன என்று கண்டறிய, பல ஆண்டுகளாக நான் முதலில் ஓட்டிப் பார்ப்பது ஜார்ஜ் ஷெல்ட்ரிக் உருவாக்கிய ஷெல்எக்ஸ்டி நிரலைத்தான். பேட்டர்சன் சார்பிலிருந்து (அணுக்களுக்கு இடையிலான தொலைவுகளை உச்சிகளாகக் காட்டும் வரைபடம்) தொடக்க இடங்களைத் தேர்ந்து, மெய்வெளியிலும் (அணுக்களின் இடங்கள்) தலைகீழ்வெளியிலும் (எக்ஸ்-கதிர்ச் சிதறல் புள்ளிகள்) மாறி மாறித் திருத்திச் செல்வதால், கையால் உச்சிகளைப் பிரித்தறிய முடியாத அளவுக்கு அணுக்கள் பெருகிய கட்டமைப்புகளிலும் அது கைகொடுக்கிறது.

விடை கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் பிரிதிறனை (தரவின் நுணுக்க எல்லை; ஆங்ஸ்ட்ராம் எண் சிறியதானால் நுணுக்கம் கூடும்) எங்கே வெட்டுகிறோம் என்பதில்தான் இருக்கிறது. படிகம் 2 ஆங்ஸ்ட்ராம் வரை புள்ளிகளைத் தந்தாலும், அனாமலஸ் வேறுபாடு (கன அணுக்களால் இணைப் புள்ளிகளின் செறிவுகளுக்கு இடையே தோன்றும் சிறு வேறுபாடு) பெரும்பாலும் அதற்கு முன்பே இரைச்சலில் மறைந்துவிடும். வேறுபாட்டை அதன் பிழையால் வகுத்து தரவைத் தயார்செய்யும் துணை நிரலான ஷெல்எக்ஸ்சி அச்சிடும் விகிதம், வெறும் இரைச்சலுக்கே ஏறக்குறைய 0.8 வரும் என்பதால், அந்த அளவுக்கு இறங்கும் இடத்தில் வெட்டித் தொடங்கி, தேவையானால் 0.1 ஆங்ஸ்ட்ராம் படிகளில் இருபுறமும் நகர்த்துகிறேன். இரவு முழுவதும் ஓட்டியும் அசையாத தரவு, இந்த ஓர் எண்ணை மாற்றியதும் சில நிமிடங்களில் விடை தந்ததுண்டு. கந்தகத்தை மட்டும் நம்பும்போது இன்னொரு சிக்கல் சேரும்: டைசல்பைடின் இரு கந்தகங்களும் ஏறத்தாழ 2.05 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் இருப்பதால், குறைந்த பிரிதிறனில் ஒரே உச்சியாகத் தெரியும். அவற்றைப் பிரித்துப் பொருத்தத் தனிக் கட்டளையே உண்டு.

தேட வேண்டிய அணுக்களின் எண்ணிக்கை உண்மைக்கு ஓரளவு நெருங்கியிருந்தால் போதும். ஹாலைடு உப்புக் கரைசலில் (புரோமைடு, அயோடைடு போன்றவை) ஊறவைத்த படிகத்தில் அயனிகள் சமச்சீர் அச்சுகளின் மீதே அமரக்கூடும்; அந்த இடங்களை அனுமதிக்க மறக்கக் கூடாது. புரதச் சங்கிலியிலேயே செலினியத்தைப் பிணைத்துவைக்கும் அமினோ அமிலமான செலினோமெத்தியோனினுக்கு அந்த அனுமதி தேவைப்படுவதில்லை.

கண்டறிந்த இடங்கள் அளந்த தரவோடு எவ்வளவு பொருந்துகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு 30 விழுக்காட்டைத் தாண்டினால் நல்ல அறிகுறி என்றாலும், அந்த எண்ணை மட்டும் நான் நம்புவதில்லை. முயற்சிகளின் புள்ளிவரைபடத்தில் சில புள்ளிகள் கூட்டத்தைவிட்டுத் தெளிவாக விலகி நிற்கின்றனவா என்று பார்த்துவிட்டு, விடைக் கோப்பைத் திறந்து இருப்பளவுப் பத்தியை (ஒவ்வோர் இடத்திலும் அணு எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்ற எண்) பார்க்கிறேன். எட்டுச் செலினியம் உள்ள புரதத்தில் எட்டாவது வரி 0.6 என்றும் ஒன்பதாவது 0.2 என்றும் சரிந்தால், மனம் நிறைகிறது. சரிவே இல்லாமல் சீராகத் தேய்ந்தால், கெழு எவ்வளவு உயர்ந்திருந்தாலும் சந்தேகிக்கிறேன்.

இடங்கள் சரியாகக் கிடைத்த பின்னும் அவை வலக்கையா இடக்கையா (ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு அமைப்புகளில் எது) என்பதை ஷெல்எக்ஸ்டியால் சொல்ல முடியாது. எலக்ட்ரான் அடர்த்தி வரைபடத்தை உருவாக்கும் ஷெல்எக்ஸ்இ நிரலில் இரண்டையும் ஓட்டி, எந்த வரைபடத்தில் புரதமும் கரைப்பானும் தெளிவாகப் பிரிகின்றன என்று ஒப்பிட வேண்டும். பி4₁ போன்ற ஸ்பேஸ் குரூப்பாக (படிகத்தின் சமச்சீர் வகை) இருந்தால், ஆயங்களைத் திருப்பும்போதே பி4₃ என்றும் மாற்றியாக வேண்டும்.