மதுரையில் ஒன்பது வாரம்: என் எடையும் அம்மாவின் சோற்றுக் கரண்டியும்

லண்டன் ஈஸ்ட்ஹாமில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். பிறந்து வளர்ந்தது மதுரை, தெப்பக்குளம் பக்கம். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் என்று இந்தத் தடவை ஒன்பது வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். வழக்கமாக ஊருக்குப் போய்த் திரும்பினால் இரண்டு மூன்று கிலோ கூடியிருக்கும். இந்தத் தடவை நாலரைக் கிலோ குறைந்து வந்தேன். இங்கே தெரிந்தவர்கள் ஆளாளுக்குக் கேட்கிறார்கள். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

கதை மதுரையில் தொடங்கவில்லை. என் உயரம் 158 சென்டிமீட்டர். 2024 தொடக்கத்தில் எடை 86 கிலோ, சர்க்கரை நோய் வந்து மூன்று வருடம். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 58 என்று வந்தது. இங்கிலாந்துக் கணக்கு அது. ஊர்க் கணக்கில் 7.5 சதவீதம். எங்கள் மருத்துவர், இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் நடத்தும் ஒரு வருடத் திட்டத்துக்கு அனுப்பினார். இதை சூப், ஷேக் திட்டம் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். முதல் 12 வாரம் வழக்கமான சாப்பாடே கிடையாது. சூப், ஷேக், பார் என்று நாளுக்கு 800 முதல் 900 கலோரி. அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாட்டுக்குத் திரும்ப வேண்டும், மீதி மாதங்கள் எடையைக் காப்பாற்ற வேண்டும். சர்க்கரை நோய் தெரிந்து ஆறு வருடத்துக்குள் இருப்பவர்களுக்குத்தான் இடம். வெள்ளையர்களுக்கு, உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் பிஎம்ஐ எண் 27 இருக்க வேண்டும் என்றால் நமக்கு 25 போதும், ஏனென்றால் குறைந்த எடையிலேயே நமக்குச் சர்க்கரை வந்துவிடுகிறது.

இந்தத் திட்டத்துக்குப் பின்னால் ஸ்காட்லாந்திலும் வடகிழக்கு இங்கிலாந்தின் டைன்சைடிலும் நடந்த ஓர் ஆய்வு இருக்கிறது. 2017இல் முதல் வருட முடிவுகள் வந்தன. இந்த உணவு முறையில் சேர்க்கப்பட்டவர்களில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்திருந்தது. 15 கிலோவுக்கு மேல் இழந்தவர்களில் இது 86 சதவீதம். கல்லீரலிலும் கணையத்திலும் சேர்ந்த கொழுப்பு கரைந்தால் இன்சுலின் மறுபடி ஒழுங்காகச் சுரக்கிறது என்பதுதான் விளக்கம். நர்ஸ் இதை எனக்குப் படம் போட்டுக் காட்டினார். அந்தப் படம்தான் என்னை 12 வாரமும் தாங்கியது. முதல் பத்து நாள் தலைவலி, மலச்சிக்கல், எந்நேரமும் குளிர். அப்புறம் பழகிவிட்டது. 13 கிலோ குறைந்து 73க்கு வந்தேன். எச்பிஏ1சி 43, அதாவது 6.1. மாத்திரை நின்றது. அந்தத் திட்டத்துக்கு நான் என்றைக்கும் நன்றி உள்ளவள்.

சாப்பாட்டுக்குத் திரும்பிய பிறகுதான் தடுமாறினேன். சோறு இவ்வளவு கிராம், காய் இவ்வளவு, கோழி இவ்வளவு என்று கொடுத்த அட்டவணை ஒரே தட்டில் ஒரே தடவையாகச் சாப்பிடுகிறவர்களுக்கானது. நம் வீட்டில் சாம்பாருக்கு ஒரு சோறு, ரசத்துக்கு ஒரு சோறு, மோருக்கு ஒரு சோறு. அட்டவணையில் இருந்த அந்த ஒரு பங்கு இதில் எந்தச் சோறு? இதைக் கேட்கலாம் என்றே எனக்கு அப்போது தோன்றவில்லை. வீடியோவில் பேசிய ஆலோசகர் நல்ல பெண், ஆனால் அவரும் கேட்கவில்லை. ஊருக்குப் புறப்படும்போது 79 கிலோ. எச்பிஏ1சி 46, ஊர்க் கணக்கில் 6.4. திரும்பவும் சர்க்கரை நோய் என்று சொல்லும் கோட்டுக்கு மிக அருகில்.

மதுரையில் முதல் வாரம் பைபாஸ் ரோட்டுப் பக்கம் இருக்கும் ஓர் எடைக் குறைப்பு நிலையத்துக்குத் தம்பி மனைவி அழைத்துப் போனாள். மாதம் பத்துக் கிலோ உறுதி என்றார்கள். மாவு டப்பா, இடுப்பில் கட்டும் சூட்டு பெல்ட், எல்லாம் சேர்த்து 35,000 ரூபாய், முழுவதும் முன்பணம். முக்கால் மணி நேரம் பேசினார்கள். நான் என்ன மாத்திரை சாப்பிடுகிறேன், சாப்பிட்டேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படியே எழுந்து வந்துவிட்டேன்.

இதில் எனக்குக் கோபம் வரக் காரணம் உண்டு. என் சித்தப்பா மகன் இதே மாதிரி வேறோர் இடத்தில் சேர்ந்து சாப்பாட்டைப் பாதிக்குமேல் குறைத்தான். கிளிமிபிரைடு மாத்திரையை மட்டும் பழைய அளவிலேயே போட்டுக்கொண்டிருந்தான். அந்த வகை மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். ஐந்தாம் நாள் காலையில் வேர்த்துக் கொட்டி வண்டியோடு சாய்ந்தான். யாரோ புண்ணியவான் சீனித் தண்ணீர் கொடுத்துக் காப்பாற்றினார். சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள் உணவைக் குறைப்பதற்கு முன் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். முதல் கேள்வியாக மாத்திரையைப் பற்றிக் கேட்காத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

கடைசியில் ஒரு தனியார் மருத்துவமனையின் சர்க்கரை நோய்ப் பிரிவில் எட்டு வாரத் திட்டத்தில் சேர்ந்தேன். மொத்தம் 6,500 ரூபாய். மருத்துவர் இரண்டு தடவை, டயட்டீஷியன் வாரம் ஒரு தடவை. பத்து மணிக்கு நேரம் கொடுத்துவிட்டு 11.50க்குத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். எட்டு வாரமும் ஏறக்குறைய இதே கதை. சர்க்கரை நோயாளிகளை, அதுவும் வயதானவர்களை, அப்படிப் பசியோடு உட்கார வைப்பது தவறு. வரவேற்பில் இருந்த பெண்ணிடம் இரண்டு தடவை சொன்னேன். மாற்றம் எதுவும் இல்லை.

ரத்தப் பரிசோதனை மட்டும் மின்னல் வேகம். காலை ஆறேகாலுக்கு வீட்டுக்கே தம்பி ஒருவர் வந்து ரத்தம் எடுத்துப் போனார், மதியத்துக்குள் வாட்ஸ்அப்பில் முடிவு. லண்டனில் இதற்கு நான் நாள்கணக்கில் காத்திருப்பேன். ஆனால் எழுபது எண்பது பரிசோதனைகளை ஒரே பேக்கேஜாக எடுக்கச் சொல்லி ஆய்வகத்தில் விடாமல் வற்புறுத்தினார்கள். மருத்துவரிடம் கேட்டபோது எனக்குத் தேவையானவை நான்குதான் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். வெளிநாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இன்னொன்று: ஊர் முடிவுகளில் சர்க்கரை மில்லிகிராம் கணக்கில் இருக்கும். இங்கிலாந்து எண்ணை 18ஆல் பெருக்கினால் ஊர் எண் வரும். இங்கே 7 என்றால் அங்கே 126. இது தெரியாமல் பழைய முடிவுகளோடு ஒப்பிட்டுப் பயந்துவிடாதீர்கள்.

இனி டயட்டீஷியன். முப்பது வயதுக்குள் இருக்கும். முதல் நாள் நாற்பது நிமிடம் பேசினாள். கலோரி என்ற வார்த்தையே வரவில்லை.

"அக்கா, உங்க வீட்டுல மாசம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குறீங்க? சாப்பிடுறது எத்தனை பேரு?"

தம்பி மனைவியிடம் போனில் கேட்டேன். கடலெண்ணெய், நல்லெண்ணெய் எல்லாம் சேர்த்து ஐந்து லிட்டர், நான்கு பேர். டயட்டீஷியன் தாளில் வகுத்துக் காட்டினாள். ஆளுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிக்கும் மேல். அதில் மட்டும் 340 கலோரி என்று பிறகு நானே கணக்குப் போட்டேன். பழைய சூப் நாட்களில் அது என் ஒரு நாள் உணவில் கிட்டத்தட்ட நாற்பது சதவீதம். மாதம் மூன்று லிட்டர்தான் வீட்டுக்குள் வர வேண்டும், அதற்குள் எப்படிச் சமைத்தாலும் சரி என்றாள். தினமும் ஸ்பூன் பிடித்து அளக்க வேண்டாம், கடையிலேயே கட்டுப்பாடு. இவ்வளவு எளிமையான ஒன்றை எனக்கு யாரும் சொன்னதில்லை.

அடுத்தது: "சோறு எந்தக் கரண்டில போடுவாங்க? நாளைக்கு அதைக் கொண்டுவாங்க." எவர்சில்வர் கரண்டியைப் பையில் வைத்து எடுத்துப் போனேன். கேன்டீன் சோற்றைக் குவித்து அள்ளித் தராசில் வைத்தாள். 110 கிராம். நான் மதியம் சாப்பிட்டது நான்கு கரண்டி. வெந்த சோறு 100 கிராமுக்குச் சுமார் 130 கலோரி. நான்கு கரண்டிக்கு 570 வருகிறது. அவள் கொடுத்த அளவு ஒன்றரைக் கரண்டி. சாம்பாருக்கு ஒன்று, மோருக்கு அரை. "ரசத்தைச் சோத்துல ஊத்தாதீங்கக்கா, டம்ளர்ல வாங்கிக் குடிங்க." லண்டனில் ஒரு வருடம் எனக்குப் பிடிபடாத கேள்விக்குப் பதில் இந்த ஒரு வாக்கியத்தில் கிடைத்துவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மீதியை வெஞ்சனத்தால் நிரப்ப வேண்டும். தட்டில் பாதி பொரியலும் கூட்டும். அதைச் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் சோறு. கால் தட்டு பருப்போ, சுண்டலோ, மீனோ, முட்டையோ. காலையில் மூன்று இட்லி, காய் நிறைந்த சாம்பார், தேங்காய்ச் சட்னி ஒரு ஸ்பூன், அவித்த முட்டை ஒன்று. வரகு, சாமை, கேழ்வரகுக்கு மாறிவிட்டால் அளவு பார்க்க வேண்டாமா என்று கேட்டேன், ஏனென்றால் ஊரில் இப்போது எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். நார்ச்சத்து கூடுதல்தான், ஆனால் அதுவும் மாவுச்சத்துதான், அதே ஒன்றரைக் கரண்டிதான் என்றாள்.

வீட்டில் அம்மாவைச் சமாளிப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது. கண்ணில் பச்சைத் துணி மறைப்போடு உட்கார்ந்துகொண்டு, "என்னத்தா, கோழி கொத்துற மாதிரி இம்புட்டுத்தான் சாப்பிடுவியா? அங்கேயும் பட்டினி, இங்கேயும் பட்டினியா?" என்று தினம் ஒரு தடவை அழுகை. வருடம் ஒரு முறை வரும் மகளுக்கு அள்ளிப் போடாவிட்டால் அவருக்கு வேறு எப்படிப் பாசத்தைக் காட்டுவது? மூன்றாம் வாரம் டயட்டீஷியன் அம்மாவையும் கூட்டிவரச் சொன்னாள். அவர் கையில் கரண்டியைக் கொடுத்து, "பாட்டி, இவங்களுக்கு நீங்கதான் அளந்து போடணும், வேற யாரும் போடக் கூடாது" என்றாள். அன்றிலிருந்து அம்மா காவல் காக்க ஆரம்பித்தார். தம்பி கூடுதலாக ஒரு அப்பளம் வைத்தால்கூட "அவளுக்கு வேண்டாம்" என்று தட்டை இழுத்துவிடுவார்.

நடுவில் தீபாவளி வந்தது. முறுக்கும் அதிரசமும் தொடவே கூடாது என்று டயட்டீஷியன் சொல்லவில்லை. காலை இட்லிக்குப் பதிலாகப் பலகாரம் சாப்பிடுங்கள், மாலைக் காபியோடு சேர்க்காதீர்கள், அவ்வளவுதான். நூறு கிராம் முறுக்கில் ஏறக்குறைய 500 கலோரி இருக்கிறது என்பதை மட்டும் நினைவுபடுத்தினாள். அந்த வாரம் எடை குறையவில்லை, கூடவும் இல்லை.

நடைக்குத் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் வெட்டிய குளம். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். விடிகாலையில் கூட்டம் கூட்டமாக நடக்கிறார்கள், பெண்கள் நிறைய. தினமும் நான்கு சுற்று. மைய மண்டபத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தால் நேரம் போவது தெரியாது. மழை நாட்களில் வீட்டு மாடியில் நடந்தேன்.

அரசுச் சேவை ஒன்றையும் சொல்ல வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், 2021இல் தொடங்கியது, அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மாதம் ஒரு தடவை வரும் தன்னார்வலர் அக்கா அழுத்தம் பார்த்து, குறித்து, மாத்திரையைக் கையில் கொடுத்துப் போகிறார். காசு கிடையாது. கடல் தாண்டி இருக்கும் என் மாதிரிப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அவருக்குத் தெரியுமோ தெரியாது. நான் அவரிடம் சொன்னேன்.

எட்டாவது வாரக் கடைசியில் 74.5 கிலோ. லண்டன் திரும்பி இரண்டு மாதம் கழித்து எடுத்த எச்பிஏ1சி 41, ஊர்க் கணக்கில் 5.9. மாத்திரை இன்னும் வேண்டியிருக்கவில்லை. சூப் காலத்தில் வேகமாகக் குறைந்த அந்த 13 கிலோ இல்லாமல் இது நடந்திருக்காது. மதுரைத் திட்டத்தில் மட்டும் ஆரம்பித்திருந்தால் அந்த வேகம் வந்திருக்காது. இரண்டையும் ஒன்றுக்கு எதிராக ஒன்றாக நான் பார்க்கவில்லை. நம் ஆட்களுக்குச் சாப்பாட்டுக்குத் திரும்பும் அந்த வாரங்களில், மூன்று சோறு சாப்பிடும் வீட்டைப் பற்றித் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று எங்கள் கிளினிக்கில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஈஸ்ட்ஹாமில் இத்தனை தமிழர்கள் இருக்கும்போது இது பெரிய கோரிக்கை இல்லை.

டயட்டீஷியனோடு மாதம் ஒரு தடவை வீடியோவில் பேசுகிறேன், தடவைக்கு 400 ரூபாய். மார்ச்சில் அம்மாவுக்கு இன்னொரு கண் ஆபரேஷன், மறுபடி போகிறேன். அந்தச் சர்க்கரை நோய்ப் பிரிவில் இப்போதே நேரம் வாங்கிவிட்டேன். காலை முதல் டோக்கன் கேட்டிருக்கிறேன்.