5 லிட்டர் தொங் (பெரிய கேன்) பாத்திர சவுக்காரம்: ரொம்ப நாள் பொழங்குன அனுபவம்

எம்சிஓன்னு கோவிட் ஊரடங்கு போட்ட நேரத்துல பட்டர்வொர்த் வீட்டுலயே ஆட்டுக்கறி பெரட்டல் சமைச்சு டெலிவரி பண்ண ஆரம்பிச்சோம், அப்போலேர்ந்து குசினில இந்த லெமன் வாசன தொங்தான். பிராண்டு எதுவா இருந்தாலும் லேபிள பாருங்க, சோடியம் லாரத் சல்ஃபேட்னு போட்டிருந்தா கிட்டத்தட்ட ஒரே சங்கதிதான். அதையே பல நேரம் செம்பன கொட்ட எண்ணெய்லேர்ந்துதான் செய்றாங்க, எண்ணெய கழுவ எண்ணெய்!

அந்த சல்ஃபேட் மூலக்கூறோட தலைக்கு தண்ணி புடிக்கும், வாலுக்கு எண்ணெய்தான் புடிக்கும். அதனால ரெண்டும் சந்திக்கிற எல்லைக்கு ஓடிப்போயி, தல தண்ணிப் பக்கம் வால் எண்ணெய்ப் பக்கம்னு நெருக்கியடிச்சு நின்னுக்கும், அங்க எல்லைய சுருக்கி இழுத்துப் புடிக்கிற இழுவிசை படக்குன்னு எறங்கிரும், நம்ம தேய்க்கிற தேய்ப்புல எண்ணெய் பொடிப்பொடி துளியா ஒடையும், துளிய சுத்தி நிக்கிற தலைங்க எல்லாம் மைனஸ் சார்ஜ்ங்கிறதால ஒண்ண ஒண்ணு தள்ளும், திரும்ப சேர விடாது.

எங்க அத்த மாதிரி கொழகொழன்னு ஊத்துறவங்களுக்கு: எல்லை நெறஞ்சிட்டா மிச்சமெல்லாம் வால உள்ள மடக்கி தண்ணிக்குள்ளயே உருண்டையா கூடிக்கும், அதான் மைசெல். அதுக்கு மேல ஊத்துனாலும் இழுவிசை பெருசா எறங்காது. லாரத்துக்கு சொந்தக்காரனான சோடியம் லாரில் சல்ஃபேட்டுக்கு சுத்தமான தண்ணில லிட்டருக்கு 2.4 கிராம் கிட்ட வந்தாலே இது நடந்திரும். ஆனா மைசெல் சும்மா கெடக்காது லா, தேய்க்க தேய்க்க புதுப்புது துளி வருதுல்ல, அதுங்கள மூட ஆள் அங்கேர்ந்துதான் வரணும். அதனால தே தாரெ குடிச்ச கோப்பைக்கு ஒரு சொட்டு போதும், பெரட்டல் சட்டிக்கு தாராளமா ஊத்தலாம். நொரைய வெச்சு கணக்கு போடாதீங்க, எண்ணெய் அதிகமா இருந்தா நொர தானா அடங்கிரும், அப்போ கொஞ்சம் சேர்த்துக்கலாம்.

இதெல்லாம் ஏதோ பெரிய லேப் சமாச்சாரம்னு நெனைக்காதீங்க, ஆக்னஸ் பாக்கெல்ஸ்னு ஒரு ஜெர்மன்காரம்மா காலேஜே போகாம வீட்டு வேலைக்கு நடுவுல தண்ணியோட மேற்பரப்பு இழுவிசைய அளந்தாங்க, 1891ல அது நேச்சர் இதழ்லயே வந்துச்சு.

சரி, கொற என்னன்னா ஆட்டுக் கொழுப்பு. பச்சத்தண்ணில அது மெழுகு மாதிரி கெட்டியா கெடக்கும், கெட்டியா இருந்தா துளியா ஒடையாது, மொதல்ல நல்ல சுடுதண்ணி ஊத்தி எளக்கிட்டுதான் சவுக்காரம். அடிப்புடிச்சு கருகுனதுக்கு இது ஆகாது, அதுக்கு கம்பி நார்தான். கைத்தோல்ல இருக்குற எண்ணெயையும் சேர்த்து உருவிரும், கிளவுஸ் இல்லாம ஒரு கல்யாண ஆர்டர் பாத்திரம் கழுவுனா விரல் இடுக்கெல்லாம் வெடிச்சிரும். வெலைக்கு ஓகே, அடுத்த தொங்கும் இதேதான் வாங்குவோம்.