50 எம்எம்மா, 85 எம்எம்மா: போர்ட்ரெய்ட்டுக்கு எது?

50, 85 எம்எம் என்பது லென்ஸின் குவியத் தூரம். நான் ஒப்பிடும் இரண்டு லென்ஸுமே எஃப் 1.8 தான் (குவியத் தூரத்தை லென்ஸ் துவாரத்தின் விட்டத்தால் வகுத்த எண்), படத்துக்குக் கிடைக்கும் வெளிச்சமும் ஒன்றுதான். துவாரத்தின் விட்டம்தான் வேறு. 50ஐ 1.8ஆல் வகுத்தால் சுமார் 28 மி.மீ.; 85ஐ வகுத்தால் 47. முகத்தை ஃபிரேமில் ஒரே அளவுக்கு வைத்து எடுத்துப் பாருங்கள்: தூரத்துத் தெருவிளக்குகள் 85இல் ஏறத்தாழ 1.7 மடங்கு பெரிய வட்டங்களாக விரியும். ஃபோகஸ் ஆழம், அதாவது முன்பின்னாகக் கூர்மையாகத் தெரியும் பகுதி, மட்டும் கிட்டத்தட்ட சமம். இரண்டிலுமே கண் கூர்மையாக விழுந்தால் காது மங்கும். துவாரத்தை எஃப் 4க்குக் குறைத்தால் வட்டங்கள் சிறுத்து, துவாரத்தைச் சுருக்கும் பிளேடுகளின் முனைகளும் அவற்றில் தெரியலாம்.

ஆனால் 85 என்றால் நாம் பின்னால் நகர இடம் வேண்டும். சின்ன அறையில் நம் முதுகு சுவரில் முட்டும். கேமராவில் கிராப் சென்சார் (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறியது, காட்சியின் குறைந்த பகுதியையே பிடிக்கும்) என்றால் இன்னும் மோசம். அங்கே 50தான் கைகொடுக்கும், விலையும் குறைவு. வெளியில் எடுக்க என் ஓட்டு 85க்கே. பின்னணிச் சுவரில் ஆள் சாய்ந்து நின்றால் எந்த லென்ஸாலும் பயனில்லை. நாலடி முன்னே வரச் சொல்லுங்கள்.