வைஃபை 6 ரவுட்டரும் பழைய பிரிண்டரும்: இரண்டு ஆண்டுக் கூட்டுக்குடித்தனம்

வைஃபை 6 ரவுட்டரை மாட்டிய அன்றே பழைய மடிக்கணினி முரண்டு பிடித்தது. கடவுச்சொல் தவறென்றால் ஒரு பிழைச்செய்தியாவது வரும். இதற்கோ வலையின் பெயரே கண்ணில் படவில்லை. ரவுட்டர் பழுது என்று திருப்பிக் கொடுக்கவே கிளம்பிவிட்டேன். புதிய தரத்தில் வரும் அறிவிப்புச் சமிக்ஞை மடிக்கணினியின் பழைய வைஃபை டிரைவருக்கு (வைஃபையை இயக்கும் மென்பொருள்) புரியவில்லை, அவ்வளவுதான். டிரைவரைப் புதுப்பித்ததும் சரியானது.

பிரிண்டர் கதை வேறு. அது 2003-இல் வந்த ‘ஜி’ என்னும் பழைய வைஃபை தரத்து ஆள். உச்ச வேகம் நொடிக்கு 54 மெகாபிட். வைஃபையின் புதிய பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ3 என்றால் என்னவென்றே அறியாது. அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2-வும் 3-உம் கலந்த அமைப்பிலும் அடம்பிடித்தது. எரிச்சலில் பாதுகாப்பை டிகேஐபி என்னும் பழைய குறியாக்கத்துக்கு இறக்கினேன். பிரிண்டர் இணைந்தது, ஆனால் ‘ஜி’-க்கு அடுத்து வந்த ‘என்’ தரத்துத் தொலைக்காட்சியும் 54-க்குச் சரிந்தது. டிகேஐபி-யோடு ‘என்’ வேகம் கிடையாது என்பதே அந்தத் தரத்தின் விதி. அதைச் செய்யாதீர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தனிப் பெயர் வைத்து, அதற்கு மட்டும் டபிள்யூபிஏ2-வும் ஏஇஎஸ் குறியாக்கமும் கொடுத்தபோது பிரிண்டர் அடங்கியது. (முதலில் விருந்தினர் வலையில் போட்டுப் பார்த்தேன். அங்கே சாதனங்கள் ஒன்றையொன்று பார்க்க முடியாது என்பதால் கைபேசியிலிருந்து ஒரு தாள்கூட அச்சாகவில்லை.)

பழைய சாதனம் ஒன்று இருந்தாலே வீடே மெதுவாகும் என்பார்கள். நான் பார்த்தவரை இருப்பதைவிடப் பேசுவதுதான் சிக்கல். ஒரு சானலில் (அலைவரிசையின் ஒரு துண்டு) ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். மெதுவாகப் பேசுபவர் அதிக நேரம் எடுத்துக்கொள்வார். வாரத்திற்கு நான்கு தாள் அச்சிடும் பிரிண்டரால் யாருக்கும் நஷ்டமில்லை. மாதக்கணக்கில் அதைத் திட்டிய பிறகுதான் உண்மைக் குற்றவாளி அகப்பட்டது: வாசல் கேமரா. பிரிண்டரைவிடப் புதியது, ‘என்’ தரம். ஆனால் சுவர்களுக்கு அப்பால் நின்று 6.5 மெகாபிட்டில் இராப்பகலாகப் படம் அனுப்பிக்கொண்டிருந்தது. அதற்குக் கேபிள் இழுத்ததும் 2.4-இல் மூச்சு வந்தது. 5 கிகாஹெர்ட்ஸில் இருந்த கைபேசிகளுக்கு இந்தத் தொல்லை எதுவும் தெரியவே இல்லை. அது தனி ரேடியோ.

‘ஜி’-க்கும் முந்தைய ‘பி’ தரத்தையும் அணைத்துவிட்டேன். அதைப் பேச வீட்டில் யாருமில்லை. இன்னும் தீராதது ஒன்றுதான்: மின்சாரம் போய் வந்தால் ரவுட்டர் எழுவதற்குள் பிரிண்டர் எழுந்து, வலையைக் காணாமல் மீண்டும் தூங்கிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் போய்த் தட்டி எழுப்புகிறேன்.