ஆன் செய்த செட்டிங்ஸ், ஆனிலேயே தங்கிய செட்டிங்ஸ்

புது போன் வாங்கிய வாரத்தில் இருக்கிற பாதுகாப்பு செட்டிங்ஸ் எல்லாவற்றையும் ஆன் செய்துவிடலாம். அந்த உற்சாகம் எல்லோருக்கும் வரும். ஒரு வருடம் போன பிறகு திறந்து பாருங்கள், பாதி ஆஃப் ஆகியிருக்கும். என் போன் ஆண்ட்ராய்டு 12-இல் வந்தது, அப்டேட் ஆகி ஆகி இப்போது 15. அம்மாவிடம் ஒரு சாம்சங். வீட்டுக்குப் பொதுவாக ஒரு டேப்லெட். மூன்றுக்கும் காவல்காரன் நான்தான். இத்தனை காலத்தில் எது நிலைத்தது, எது தொல்லை தாங்காமல் போனது என்பதை மட்டும் சொல்கிறேன்.

செய்ததிலேயே உருப்படியானது லாக் ஸ்கிரீன் நோட்டிஃபிகேஷனை அடக்கி வைத்ததுதான். எங்கேயோ உட்கார்ந்து ஒருவன் ஹேக் செய்வான் என்று பயப்படுகிறோம். போன் போவதென்னவோ டவுன் பஸ் நெரிசலில். எடுத்தவனுக்கு நம் பின் நம்பர்கூடத் தேவைப்படாது. பூட்டிய திரையிலேயே ஓடிபி பளிச்சென்று வந்து நிற்கும். நோட்டிஃபிகேஷன் செட்டிங்ஸில் லாக் ஸ்கிரீனுக்கென்று தனியாக ஒரு இடம் உண்டு. அங்கே உள்ளடக்கத்தை மறைக்கச் சொல்லிவிட்டால் மெசேஜ் வந்திருப்பது மட்டும் தெரியும், என்ன மெசேஜ் என்பது விரல் வைத்துத் திறந்தால்தான் தெரியும். எப்படியும் விரல் வைக்கத்தான் போகிறோம், அதனால் கூடுதல் வேலை எதுவும் இல்லை. இதை ஒரு நாள்கூட ஆஃப் செய்யத் தோன்றியதில்லை.

சரி, திரை பூட்டியிருக்கிறது. சிம்மை உருவி வேறு போனில் போட்டால்? ஓடிபி அங்கே போய்விடும். இதற்குத்தான் சிம் லாக். இதைப் போட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. போட்டுவிட்டால் போன் அணைந்து எழும்போதும், சிம் இடம் மாறும்போதும் ஒரு பின் கேட்கும். மூன்று முறை தப்பாக அடித்தால் பூட்டிக்கொண்டு பியுகே எண்ணைக் கேட்கும். அது சிம் கம்பெனியிடம்தான் கிடைக்கும். பியுகே-யையும் பத்து முறை தப்பாகப் போட்டால் சிம் செத்தது, புதுசு வாங்க வேண்டியதுதான். ஆகவே ஆரம்ப பின் என்னவென்று கம்பெனியிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள், குத்துமதிப்பாக அடிக்காதீர்கள். இ-சிம் வைத்திருந்தால் உருவும் பேச்சே இல்லை.

சிம் லாக்கில் ஒரு கஷ்டம் உண்டு. ராத்திரி அப்டேட் முடிந்து போன் தானாக ரீஸ்டார்ட் ஆனால், காலையில் நாம் பின் போடும் வரை ஒரு அழைப்பும் வராது. எனக்கு அது பரவாயில்லை. அம்மா போனில் போடவில்லை. போன் ஏன் அடிக்கவில்லை என்று அவர் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு வாட்ஸ்அப்பின் ஆறு இலக்க இரண்டடுக்குப் பின் மட்டும் வைத்தேன். ஓடிபி-யை யாராவது பேசி வாங்கிவிட்டால்கூட, அந்த ஆறு எண் இல்லாமல் கணக்கை உடனே வேறு போனுக்குக் கொண்டு போக முடியாது. மறந்துவிடக் கூடாதென்று அது அவ்வப்போது கேட்கும். கேட்கும்போதெல்லாம் எனக்குப் போன் வரும்: "ஏண்டா, மறுபடியும் நம்பர் கேக்குது, இது திருடனா நம்ம வாட்ஸ்அப்பா?" இந்தச் சந்தேகம் அவருக்கு இருப்பதே நல்லது என்று விட்டுவிட்டேன்.

அம்மா போனில் உண்மையான ஆபத்து ஏபிகே. கல்யாணப் பத்திரிகை, வண்டி அபராதச் சலான், பேங்க் கேஒய்சி என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் கோப்பு. திறந்தால் ஆப் இன்ஸ்டால் ஆகும், எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும், கொடுத்தால் ஓடிபி எல்லாம் மோசடிக்காரன் கைக்கு. ஆண்ட்ராய்டு இதைச் சும்மா விடவில்லை. 2017-இல் வந்த 8-ஆம் பதிப்பு முதல், வெளியிலிருந்து இன்ஸ்டால் செய்யும் அனுமதி ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனி. 13-இலிருந்து அப்படி வந்த ஆப்புக்கு, திரையைப் படித்து நமக்குப் பதிலாகத் தட்டவும் செய்யும் அக்சஸிபிலிட்டி போன்ற அதிகாரங்கள் எளிதில் கிடைக்காது. ஆனால் முதல் தடையில் 'செட்டிங்ஸ்' என்று ஒரு பட்டனையும் போன் பக்கத்திலேயே நீட்டுகிறது. தட்டினால் நேராக அந்த ஸ்விட்சில் கொண்டுபோய் நிறுத்தும். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்துவிடுகிற மாதிரி. சாம்சங்கின் சொந்த ஆண்ட்ராய்டு வடிவமான ஒன் யுஐ-யின் 6-ஆம் பதிப்புடன் வந்த ஆட்டோ பிளாக்கர் இதில் மேல். அதை ஆன் செய்தால் பிளே ஸ்டோர், கேலக்ஸி ஸ்டோர் மாதிரியான அங்கீகரித்த இடங்களிலிருந்து வராத ஆப் நுழையாது. செட்டிங்ஸுக்குள் தேடிப் போய் அதையே ஆஃப் செய்தால்தான் உண்டு. அம்மா அவ்வளவு தூரம் போகமாட்டார். வயதானவர்கள் கையில் இருக்கும் சாம்சங் போனில் ஒரே ஒரு செட்டிங் மாற்றலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

பெர்மிஷன் விஷயத்தில் எல்லோரும் சொல்வதைத்தான் நானும் செய்தேன். லொகேஷன் 'பயன்படுத்தும்போது மட்டும்', மைக் 'இந்த முறை மட்டும்'. வானிலை ஆப்புக்குத் தோராயமான இடம் கொடுத்தால் போதும், மழை அடுத்த தெருவில் தனியாகவா பெய்யப் போகிறது? வாடகைக் கார் ஆப்புக்கு அதையே கொடுத்தால் டிரைவர் எங்கேயோ நின்றுகொண்டு கூப்பிடுவார். ஆண்ட்ராய்டு 14-இல் வந்த, சில படங்களை மட்டும் காட்டும் வசதியும் நல்லதுதான். தினமும் படம் அனுப்பும் சாட் ஆப்புக்கு மட்டும் அது சரிப்படவில்லை, முழுசாகத் திறந்துவிட்டேன்.

பல மாதம் தொடாத ஆப்பின் அனுமதிகளைப் போன் தானாகவே பறித்துக்கொள்வது அருமையான ஏற்பாடு. ஒரு எச்சரிக்கை: எப்போதாவது மட்டும் திறக்கிற, ஆனால் நினைவூட்டல் அனுப்ப வேண்டிய மருத்துவ ஆப்கள் இருந்தால் அவற்றின் ஆப் இன்ஃபோ பக்கத்தில் இந்த ஏற்பாட்டை நிறுத்தி வையுங்கள்.

கைவிட்டவையும் உண்டு. மேலிருந்து இழுக்கும் மெனுவில் மைக், கேமராவை மொத்தமாக அணைக்கும் பட்டன்கள்: ஒவ்வொரு வாய்ஸ் மெசேஜுக்கும் ஆன் செய்யவா என்று கேட்டால் எத்தனை நாள் பொறுமை இருக்கும்? மைக்கோ கேமராவோ ஓடும்போது திரையின் மேல் மூலையில் வரும் பச்சைப் புள்ளி போதும் எனக்கு. தளங்களின் முகவரியை நாம் சொல்லும் சர்வரிடம் கேட்டு, விளம்பரங்களைத் தடுக்கும் பிரைவேட் டிஎன்எஸ் வீட்டில் பிரமாதம்; பொது வைஃபையில் லாகின் பக்கமே வராமல் போகும், வெளியூரில் ஆஃப் செய்தேன், திரும்ப ஆன் செய்யவே இல்லை. விளம்பரக்காரர்கள் நம்மை அடையாளம் காண உதவும் விளம்பர ஐடியை அழித்தது அப்படியே இருக்கிறது. விளம்பரம் ஒன்றும் குறையவில்லை, என்ன, கொஞ்சம் சம்பந்தமில்லாமல் வருகிறது.

டேப்லெட்டுக்கு ஆளுக்கொரு யூசர் கணக்கு போட்டேன். அப்பா பேப்பர் படிப்பதும் பெண் பாடம் பார்ப்பதும் தனித்தனி, ஒருவர் கேலரி மற்றவருக்குத் தெரியாது. பழைய டேப்லெட் என்பதால் கணக்கு மாற்றும்போது திணறும், இடமும் அடைக்கும். சண்டை குறைந்தது.

கடைசியாக, இது செட்டிங் இல்லை, ஆனாலும் செய்துவிடுங்கள். *#06# அடித்தால் போனின் அடையாள எண்களான ஐஎம்இஐ எண்கள் வரும். போனுக்கு வெளியே ஒரு இடத்தில், பில்லின் மேலேயே எழுதி வையுங்கள். போன் தொலைந்தால் போலீஸ் புகார் நகலோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்து, இந்தியா முழுக்க எந்த நெட்வொர்க்கிலும் அந்த போன் வேலை செய்யாதபடி முடக்கலாம். 2023 மே மாதத்திலிருந்து நாடு முழுவதும் இந்த வசதி இருக்கிறது. கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் முதலில் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐக் கூப்பிடுங்கள், மற்றதெல்லாம் பிறகு.