இதய ஸ்கேன் எடுக்கப் போய் நுரையீரல் பயத்தோடு திரும்பினோம்

பாலக்காடு டவுனில் இருக்கும் ஒரு ஸ்கேன் சென்டரில் என் வீட்டுக்காரருக்கு கால்சியம் ஸ்கோர் என்ற இதய ஸ்கேன் எடுத்தோம். சென்டரின் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் நான் சொல்ல வரும் குறை அந்த ஒரு இடத்தில் மட்டும் நடப்பதில்லை என்று அப்புறம் தெரிந்தவர்களிடம் விசாரித்ததில் புரிந்தது.

எங்களுக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை. இவருடைய அண்ணன் 49 வயதில், தென்னந்தோப்பில் மட்டை பொறுக்கிக்கொண்டிருந்தபோதே மாரடைப்பில் போய்விட்டார். இவருக்கு இப்போது 52. பீடி, சிகரெட் எதுவும் கிடையாது, பிபிக்கு மாத்திரை உண்டு. கடையில் தீவன மூட்டை இறக்கிவிட்டு வந்து நெஞ்சைத் தடவினாலே எனக்கு வயிறு கலங்கும். எப்போதும் பார்க்கும் டாக்டர்தான், ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

ஸ்கேன் எடுத்த விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஊசி இல்லை, மருந்து ஏற்றவில்லை, நெஞ்சில் ஈசிஜிக்கு ஒட்டுவதைப் போல ஒட்டி, படுக்க வைத்து, "மூச்ச இழுத்துப் பிடிங்கண்ணா, அசையாதீங்க" என்று ஸ்கேன் எடுக்கும் பையன் தமிழிலேயே சொல்லி, முதலில் சும்மா ஒரு தடவை பழக்கிவிட்டு, அப்புறம்தான் மெஷினை ஓட்டினான். பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டார். கதிர்வீச்சு சுமார் 1 மில்லிசீவர்ட்தான் இருக்கும், மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் ஒரு வருஷத்தில் நம் உடம்பு வாங்குவதே அதைவிட அதிகம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் அந்தப் பயமும் இல்லை. இதய ரத்தக்குழாயில் எவ்வளவு சுண்ணாம்பு, அதாவது கால்சியம், படிந்திருக்கிறது என்று எண்ணிச் சொல்லும் கணக்கு இது, 1990-இல் அகாட்ஸ்டன் என்ற டாக்டரும் அவரோடு இருந்தவர்களும் கொண்டுவந்தது. 400-ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டிய அளவு. இவருக்கு பூஜ்யம். கவுன்டரிலேயே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஊர் திரும்பும் வழியில் எலப்புள்ளி தாண்டும்போது பஸ்ஸில் என் மகள் ரிப்போர்ட்டின் கடைசிப் பத்தியைப் படித்தாள். வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் 5 மி.மீ. நாட்யூல் (சின்னக் கட்டி போன்ற புள்ளி), கிளினிக்கல் கோரிலேஷன் தேவை, அதாவது டாக்டர் ஆளைப் பார்த்து ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று ஒரே வரி. உடனே சென்டருக்கு போன் போட்டேன். "டாக்டரெ காணிச்சா மதி சேச்சி," டாக்டரிடம் காட்டினால் போதும் அக்கா என்று மலையாளத்தில், அவ்வளவுதான் பதில். படம் பார்த்து எழுதிய டாக்டரிடம் பேச முடியுமா என்று கேட்டேன், அவர் அங்கே உட்காருவதே இல்லையாம். அன்று சனிக்கிழமை. திங்கள் வரை எங்கள் டாக்டரும் கிடையாது.

அந்த இரண்டு ராத்திரியை எப்படிச் சொல்வது. கூகுளில் நாட்யூல் என்று போட்டால் புற்றுநோயில்தான் போய் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இவர் கடை நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, புண்ணாக்குக்கு யார் எவ்வளவு பாக்கி, பருத்திக்கொட்டைக்கு நாம் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று வரிசையாக எழுதி, அடியில் கோடு போட்டுக் கூட்டி, என் கையில் கொடுத்தார். ஒன்றும் பேசவில்லை.

திங்கட்கிழமை நுரையீரல் டாக்டரைப் பார்த்தோம். அவர் கேட்ட முதல் கேள்வியே, "இதுக்கு முன்னாடி நெஞ்சுக்கு சிடி ஸ்கேன் எடுத்திருக்கீங்களா?" என்பதுதான். 2021-இல் கொரோனா வந்தபோது எடுத்தது பீரோவுக்கு மேலே, பழைய காலண்டர்களுக்கு அடியில் கிடந்தது. மகள் ஊருக்குப் போய் எடுத்து வந்தாள். கவர் ஓதம் ஏறி ஓரமெல்லாம் பழுத்திருந்தது, உள்ளே ஃபிலிமும் டிஸ்க்கும் நன்றாகவே இருந்தன. டாக்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து பேனா முனையால் காட்டினார். அதே இடம், அதே மிளகு அளவுப் புள்ளி. அப்போதே இருந்திருக்கிறது, அந்த ரிப்போர்ட்டில் யாரும் எழுதவில்லை.

இப்படிக் கெட்டியான புள்ளி இரண்டு வருஷம் வளராமல் இருந்தாலே பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லையாம். நம் ஊரில் எப்போதோ வந்துபோன காசநோயின் தழும்பு, பழைய சளியின் தழும்பு இப்படித் தங்கிவிடுவது சகஜம் என்றார். இதயம் நெஞ்சுக்கு நடுவில் இருப்பதால் இதயத்தைப் படம் பிடித்தால் பக்கத்து நுரையீரலும், கல்லீரலின் ஒரு ஓரமும் சேர்ந்தே விழும், அதனால் தேடாததும் கண்ணில் படும். நுரையீரலின் மேல்பாகம் இந்தப் படத்தில் வருவதே இல்லை. ஃப்ளைஷ்னர் சொசைட்டி என்ற மருத்துவர் அமைப்பு 2017-இல் சொன்ன வழிமுறைப்படி, இதய ஸ்கேனில் தெரியும் புள்ளி 6 மி.மீ.க்குக் கீழே இருந்தால் பொதுவாக மேற்கொண்டு சோதனை வேண்டாம், 6 முதல் 8 வரை என்றால் சில மாதம் கழித்து முழு நெஞ்சுக்கும் ஒரு சிடி ஸ்கேன், 8-க்கு மேல் என்றால் தள்ளிப்போடாமல் பார்க்க வேண்டும். ஏற்கெனவே புற்றுநோய் வந்தவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

அந்தப் புள்ளியை ஏன் எழுதினீர்கள் என்று நான் கேட்கவில்லை. அதுவே 12 மி.மீ. என்றால் அந்த ஒரு வரி ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கும். எழுதியவர்கள், 6-க்குக் கீழே, பழைய படம் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கவும் என்று இன்னும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். புக்கிங் பண்ணும்போதே பழைய ஃபிலிம் இருந்தால் கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். மூவாயிரத்துச் சொச்சம் வாங்கினார்கள், அதற்குள் ஐந்து நிமிஷம் பேச ஒரு ஆள் இருக்க வேண்டாமா? நீங்கள் போவதாக இருந்தால் பணம் கட்டுவதற்கு முன்னால், ரிப்போர்ட்டை யார் விளக்குவார்கள் என்று கேளுங்கள். சனிக்கிழமை வேண்டவே வேண்டாம்.

மெஷினும் அந்தப் பையனும் நன்றாக இருந்ததால் அடுத்த வாரம் என் தம்பிக்கும் அங்கேயேதான் எடுக்கப் போகிறோம், செவ்வாய்க்கிழமை காலையில். அவனுடைய பழைய எக்ஸ்ரே கவரை இப்போதே தேடி எடுத்து வைத்துவிட்டேன்.