ஐ.டி.ஐ.யா, பட்டறையா, மூன்று மாதப் பயிற்சியா: திருச்சிப் பிள்ளைகளுக்கு எதற்குப் பணம் கொடுப்பது?

சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் 12 பேர் மாதம் ஆளுக்கு 50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போட்டு வருகிறோம். ஆண்டுக்கு 7,200 வெள்ளி, அதாவது நான்கரை லட்சம் ரூபாய்க்கு மேல் சேர்கிறது. இதுவரை அந்தப் பணம் கோயில் திருப்பணிக்கும் பள்ளிக்கூடச் சுற்றுச்சுவருக்கும் போயிற்று. பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்துவிட்டுத் திருச்சியில் வேலையில்லாமல் இருக்கும் பிள்ளைகள் தொழில் கற்க இனி அதைச் செலவிடலாம் என்பதில் எல்லாருக்கும் உடன்பாடுதான். எந்த வழியில் என்பதில்தான் இங்கே லிட்டில் இந்தியாவின் தேக்காவில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தேநீரும் வாக்குவாதமுமாகக் கழிந்தன. கப்பல் பட்டறையில் வெல்டிங் ஆய்வாளராக இருக்கும் நான், அங்கே முன்வைக்கப்பட்ட நான்கு வழிகளையும் எனக்குத் தெரிந்த அளவில் இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன்.

முதலில் எழுந்த யோசனை, எதிர்பார்த்ததுபோலவே, 'சிங்கப்பூர் ஸ்கில் டெஸ்ட்'. இந்தியாவிலிருந்து கட்டுமான வேலைக்கு இங்கு வருகிறவர்கள் கம்பி கட்டுதல், டைல்ஸ் பதித்தல், குழாய் வேலை, மின்கம்பி வேலை என்று ஏதேனும் ஒன்றில் தேர்வு கொடுத்துத் தேற வேண்டியிருப்பதால், திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர் வட்டாரத்தில் "டெஸ்ட் அடித்துவிட்டாயா?" என்பது நலம் விசாரிப்பதற்குச் சமமான கேள்வியாகிவிட்டது. வேலை கிடைத்துவிட்டால் இதைவிட விரைவாகக் குடும்பத்தைத் தூக்கிவிடும் வழி வேறில்லை என்பதை மறுக்க மாட்டேன். எங்கள் 12 பேரில் நால்வர் அப்படி வந்தவர்கள்தாம். ஆனால் அந்தத் தேர்ச்சிக்கு மதிப்பு இங்கே மட்டும்தான். என் உறவுக்காரப் பையன் ஒருவன் ஒரு பயிற்சி மையத்தில் ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டித் தேர்வில் தேறி, கம்பெனி அழைப்புக்காக 14 மாதம் காத்திருந்தான். திருவெறும்பூரில் எந்தப் பட்டறையிலும் அவனுடைய டைல்ஸ் சான்றிதழை வாங்கிப் பார்க்க ஆளில்லை; வட்டி மட்டும் மாதம் தவறாமல் வந்தது. ஊர்ப்பணத்தை அப்படி ஒரு சீட்டில் வைக்க எனக்கு மனமில்லை.

இரண்டாவது, மூன்று மாதப் பயிற்சி. மத்திய அரசின் கௌஷல் விகாஸ் திட்டம் 2015இல் தொடங்கியதிலிருந்து இவ்வகை மையங்கள் பெருகிவிட்டன. அதே அச்சில் தனியாரும் நடத்துகிறார்கள். செலவு குறைவு, ஒரே ஆண்டில் பலரை முடித்து அனுப்பலாம், மாலை போட்டுப் படமும் எடுத்துக்கொள்ளலாம். செல்போன் பழுது, கணக்கு மென்பொருள், பில் போடும் வேலை போன்றவற்றுக்கு இந்தக் காலம் போதும் என்றே நினைக்கிறேன். வெல்டிங்குக்குப் போதாது. சென்ற முறை ஊருக்குப் போனபோது அப்படி ஒரு மையத்தில் 'வெல்டிங் முடித்த' பையனிடம் 7018 ராடை, அதாவது ஒரு வகை வெல்டிங் குச்சியைக் கொடுத்து, பிடிப்பதற்கு முன் என்ன செய்வாய் என்று கேட்டேன். பாக்கெட்டைப் பிரிப்பேன் என்றான். ஈரம் ஏறினால் பற்றவைத்த இடம் பிறகு விரிசல் விடும் என்பதால் அந்த ராடை அடுப்பில் சூடாக்கி வைத்துத்தான் எடுக்க வேண்டும். அப்படி ஓர் அடுப்பு உண்டு என்பதையே அவன் பார்த்ததில்லை. அவன் மேல் குறையில்லை. அங்கே இருந்தது ஒரே ஒரு மின்மாற்றி, அதைச் சுற்றி 30 பேர்.

மூன்றாவது, அரசுத் தொழிற்பயிற்சி நிலையம், அதாவது ஐ.டி.ஐ. வெல்டருக்கு ஓராண்டு, ஃபிட்டருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் இரண்டாண்டு. நாடு முழுவதும் செல்லும் சான்றிதழ் கிடைக்கும். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து அரசு புதுப்பித்த பிறகு, பழைய கடைசல் இயந்திரங்களுக்குப் பக்கத்தில் கணினிவழி இயங்கும் இயந்திரங்களும் ரோபோக்களும் வந்திருக்கின்றன. பயிற்சிக் கட்டணம் கிடையாது; பஸ் பாஸ் உண்டு; மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு; அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின்படி மேலும் 1,000 ரூபாய் வருகிறது. அப்படியென்றால் எங்கள் பணத்துக்கு அங்கே என்ன வேலை என்று ஒரு நண்பர் கேட்டார். கேள்வி நியாயமானது, பதில் பிறகு வரும். ஐ.டி.ஐ.யின் குறை எனக்குத் தெரிந்து இரண்டு: பாடம் ஒழுங்காக நடந்தாலும் வேலையிடத்தின் அவசரம் அங்கே இருப்பதில்லை, பாதியில் நின்றுவிடுகிறவர்களும் கணிசம்.

நான்காவது, பட்டறையில் ஆளாகச் சேர்த்துவிடுவது. திருச்சியைப் பொறுத்தவரை இதைத் தள்ளிவிட முடியாது. 1960களில் பெல் கொதிகலன் தொழிற்சாலை வந்ததிலிருந்து துவாக்குடியைச் சுற்றி இரும்புக் கட்டமைப்புப் பட்டறைகள் வரிசையாக முளைத்தன. அங்கே ஒரு நல்ல மேஸ்திரியிடம் நின்றவன் கையை உலகில் எந்தக் கப்பல் பட்டறையும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் முதல் ஆறு மாதம் அவனுக்குக் கிடைப்பது ஸ்லாக் (பற்றவைத்த இடத்தின் மேல் படியும் கசடு) தட்டும் சுத்தியலும் தேநீர்த் தூக்கும்தான். கற்றுக்கொடுத்தால் பக்கத்துப் பட்டறைக்காரர் 1,000 ரூபாய் கூட்டிக் கொடுத்து இழுத்துக்கொண்டு போய்விடுவார் என்ற முதலாளியின் அச்சமும் பொய்யில்லை. இந்தியாவின் 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின் விதிகள்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பழகுநர்களைச் சேர்த்தே ஆக வேண்டும். 4 முதல் 29 பேர் வரை உள்ள இடங்களுக்கு அது விருப்பம். நான் அறிந்த துவாக்குடிப் பட்டறைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகை.

நிலையமா பட்டறையா என்ற இதே கேள்வியை உகாண்டாவில் ஓர் ஆய்வு நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்தது. ஒரு தொகுதி இளைஞர்களுக்குத் தொழிற்கல்வி நிலையத்தில் 6 மாதப் பயிற்சி. இன்னொரு தொகுதிக்கு, முதலாளிக்கு மானியம் கொடுத்து, அதே 6 மாதம் வேலையிடத்திலேயே பயிற்சி. 2020இல் வெளியான முடிவுகளின்படி, இரு தரப்பின் வருமானமும் உயர்ந்தது. பட்டறையில் பயின்றவர்கள் முதலில் முந்தினார்கள், ஆண்டுகள் செல்லச் செல்ல நிலையத்தில் பயின்றவர்கள் அவர்களைக் கடந்து போனார்கள். இருக்கும் வேலை போனால், சான்றிதழ் உள்ளவன் தன் திறனை அடுத்த முதலாளிக்குக் காட்ட முடிந்தது. மற்றவனுடைய திறனுக்குப் பழைய முதலாளியின் வாய்ச்சொல்தான் சாட்சி. எங்கள் சண்டையில் என்னை ஐ.டி.ஐ. பக்கம் சாய்த்தது பெரும்பாலும் இதுதான்.

சிங்கப்பூரின் பழைய கதையும் இதையே வேறு விதத்தில் சொல்கிறது. இங்கே பொருளியல் வளர்ச்சிக் கழகம் 1972இல் டாட்டாவுடனும் 1973இல் ரோலை கேமரா நிறுவனத்துடனும் 1975இல் ஃபிலிப்ஸுடனும் சேர்ந்து பயிற்சி நிலையங்களைத் திறந்தது. நிறுவனம் தன் தேவைக்கு மட்டும் ஆள் எடுத்துக்கொண்டு போகாமல், நாட்டின் பொதுத் தேவைக்கும் சேர்த்துப் பயிற்றுவிக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. 1981இல் ரோலை இங்கே கடையைக் கட்டியது. நுண்பொறிக் கருவிகளில் பழகிய கைகளோ இங்கேயே தங்கி வேறு ஆலைகளுக்குப் போயின. இன்றைய தொழில்நுட்பக் கல்விக் கழகம் 1992இல் வந்தபோது அதற்குப் பின்னால் 20 ஆண்டு அனுபவம் இருந்தது. இதைச் சொல்லி மார்தட்டுகிற நம்மவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: பயிற்சி கொடுத்த அதே பொருளியல் வளர்ச்சிக் கழகம்தான் ஆலைகளையும் அழைத்து வந்தது. 12 பேர் சீட்டுப் பணத்தில் ஆலை வராது. ஆகவே, ஏற்கெனவே ஆள் தேடும் தொழிலுக்கே பயிற்சி கொடுக்க வேண்டும். திருச்சியில் அது வெல்டிங், ஃபிட்டிங், மின்வேலை.

இனி, ஐ.டி.ஐ.யில் எங்கள் பணத்துக்கு என்ன வேலை என்ற நண்பரின் கேள்விக்கு வருகிறேன். கட்டணமே இல்லாத படிப்பைப் பிள்ளைகள் ஏன் பாதியில் விடுகிறார்கள்? காந்தி மார்க்கெட்டில் மூட்டை இறக்கினாலோ, சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்தாலோ நாளுக்கு 500 ரூபாய் கையில் நிற்கிறது. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போன மாதத்தில் 1,750 ரூபாய் உதவித்தொகை எந்த மூலைக்கு? படிப்பின் உண்மையான செலவு அந்த இழந்த கூலிதான். கொலம்பியாவில் 2000களில் நடந்த ஓர் அரசுத் திட்டம் இதைப் புரிந்துகொண்டு வகுக்கப்பட்டது: 3 மாதம் வகுப்பு, 3 மாதம் நிறுவனத்தில் வேலை, போக்குவரத்துக்கும் மதிய உணவுக்கும் தினப்படி, 7 வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள தாய்மாருக்கு அந்தப் படி கூடுதல். இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமாக இருந்ததால் 2005இல் குலுக்கல் முறையில் ஆள் எடுத்தார்கள். இடம் கிடைத்த பெண்களின் வருமானம், கிடைக்காதவர்களுடையதைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு அதிகமாக இருந்தது.

எனவே என் கணக்கு இப்படிப் போகிறது. ஐ.டி.ஐ.யில் சேரும் 12 பேருக்கு மாதம் 3,000 ரூபாய் வீதம் 24 மாதம் கொடுத்தால் 8,64,000 ரூபாய். இரண்டு ஆண்டுச் சேமிப்பு அதைத் தாங்கும். வெல்டர் படிப்பு ஓராண்டில் முடிவதால், அவர்களுக்கு இரண்டாம் ஆண்டுத் தொகையைத் துவாக்குடிப் பட்டறையில் பழகும் காலத்துக்கு மாற்றிவிடலாம். பையனுக்குப் படி நாங்கள் கொடுப்பதால், ஸ்லாக் தட்ட மட்டும் அவனை வைத்துக்கொள்ளாதீர்கள் என்று முதலாளியிடம் கேட்கும் உரிமையும் வரும்.

ஒரு நண்பர் இதைக் கடனாகக் கொடுக்க வேண்டும் என்கிறார், நான் ஒப்பவில்லை. 12 இடங்களில் 5 பெண்பிள்ளைகளுக்கு என்று நான் சொன்னதும் "தையல் வைத்துக்கொடுக்கலாமே" என்று உடனே ஒரு குரல் வந்தது. எலக்ட்ரீஷியன் பிரிவில் பெண்கள் சேரத் தடையேதும் இல்லை என்று மட்டும் பதில் சொல்லியிருக்கிறேன். அடுத்த ஞாயிறு மறுபடியும் பேசுவோம். பெல்லில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வுபெற்ற ஊர்ப்பெரியவர் ஒருவர், மாதத்தின் முதல் சனிக்கிழமை பிள்ளைகளின் வருகைப் பதிவைப் பார்த்துக் கையெழுத்திட்டு அனுப்பச் சம்மதித்திருக்கிறார். அந்தக் கையெழுத்து வந்த பிறகே அந்த மாதப் பணம் போகும்.